பரணில் இருந்தது, போனில் இருப்பது

எழுபது, எண்பதுகளில் திருமுல்லைவாயிலில் மனை வாங்கி வீடு கட்டியவர்களில் பலர் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கோ ஆவடி டாங்கி ஃபேக்டரிக்கோ வேலைக்குப் போனவர்கள். அந்த வீடுகளில் பரண் கட்டாயம் இருக்கும். பித்தளை அண்டா, கொலுப்படி, அவற்றுக்குப் பின்னால் பைண்டு செய்த தொடர்கதைகள்.

வாரப் பத்திரிகையை வீட்டில் எல்லோரும் படித்து, அது பக்கத்து வீட்டுக்கும் போய்த் திரும்பிய பிறகுதான் பின்னைப் பிரித்துத் தொடரை மட்டும் எடுப்பார்கள். 1950 அக்டோபரில் கல்கியில் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' முடிந்தது 1954 மே மாதத்தில். அத்தனை வாரமும் சேர்க்க எவ்வளவு பொறுமை வேண்டும்! ஓர் இதழ் தவறினால் பழைய பேப்பர் கடையில் போய்க் குடைய வேண்டும். பூச்சி அரிக்காமலிருக்கப் பைண்டர் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார். அப்படியும் ராமபாணப் பூச்சி தன் பங்கை எடுத்துக்கொள்ளும். இப்போது அந்தத் தொகுப்புகளைப் புரட்டினால் எனக்குக் கதையைவிட ருசிப்பது பக்கத்தின் மறுபுறம்தான்: பாதியில் வெட்டுப்பட்ட துணுக்கு, கூந்தல் தைல விளம்பரம், யாரோ பென்சிலில் போட்ட பால் கணக்கு.

இந்தப் பித்து முற்றினால் என்ன ஆகும் என்பதற்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா இருக்கிறார். விளம்பரப் பலகை எழுதியவர். புத்தகம், பத்திரிகை, அழைப்பிதழ், நோட்டீஸ் என்று அவர் சேர்த்தது ஏறத்தாழ ஒரு லட்சம். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்க, 1994-இல் ஆராய்ச்சி நூலகம் உருவானது. தரமணிக்குப் போகும் முன் அது இருந்தது நமக்குப் பக்கத்து முகப்பேரில்தான்.

இன்று பழைய வீடுகளை இடித்து அடுக்ககம் கட்டுகிறார்கள். ஜாயின்ட் வென்ச்சர் கையெழுத்தானதும் முதலில் காலியாவது பரண். அதில் கிடப்பது கிலோ கணக்கில் போகிறது. புது ஃப்ளாட்டின் பிளானில் பரணே இல்லை. சேர்க்கும் ஆசை மட்டும் குறையவில்லை. வாட்ஸப்பில் நட்சத்திரம், யூடியூப்பில் 'வாட்ச் லேட்டர்', டெலிகிராமில் பிடிஎஃப். பெரியவர்கள் படித்துவிட்டுச் சேர்த்தார்கள். நாம் சேர்த்துவிட்டோம் என்பதாலேயே படிப்பதில்லை. பரணாவது தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போது கண்ணில் படும், 'இதை என்ன செய்யறது?' என்று வீட்டில் ஒருவராவது கேட்பார். போனில் கிடப்பதை யாரும் கேட்பதில்லை. 2007-இல் தொடங்கி, கட்டுரைகளைச் சேமித்து வைக்கவே இருந்த 'பாக்கெட்' செயலியை 2025 ஜூலை 8-ஆம் தேதி மோசில்லா மூடியது. அதோடு எத்தனை பேருடைய 'அப்புறம் படிக்கலாம்' போயிருக்கும்! அதில் பாதிப் பேருக்கு என்ன போனது என்றே தெரிந்திருக்காது என்பது என் சந்தேகம்.

என் நட்சத்திரப் பட்டியலைச் சமீபத்தில் கடைசிவரை இறக்கிப் பார்த்தேன். மாடித் தோட்டத்து மண்கலவை, வட்டெழுத்துப் பாடம், தொலைநோக்கி வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை. ஒவ்வொன்றும் நான் ஆக நினைத்து ஆகாமல் விட்ட ஓர் ஆள். பெரும்பாலானதை அழித்தேன், வட்டெழுத்தை அழிக்க மனம் வரவில்லை. நடுவே மாசிலாமணீஸ்வரர் கோயில் எருக்கந்தூண்களைப் பற்றி ஒரு நீளக் கட்டுரை. கோயில் நடக்கிற தூரம். குறும்பரை வென்ற தொண்டைமான் அவர்கள் கோட்டையிலிருந்து கொண்டுவந்து நிறுத்திய தூண்கள் என்கிறது தலபுராணம். அவனுக்குத் துணையாகக் கிளம்பியதால்தான் இங்கே நந்தி சுவாமியைப் பார்க்காமல் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறதாம். அன்று சாயங்காலமே போய் இரண்டு தூண்களையும் நின்று பார்த்தேன். கட்டுரையை இன்னும் படிக்கவில்லை.