மகுடத்தை வாசலிலேயே வை!

படப்பையைத் தாண்டி ஒரகடம் போகும் சாலையில் சேரப்பணஞ்சேரி என்று ஓர் ஊர். முன்பு ஏரியும் நெல் வயலுமாக இருந்த வட்டாரம். இன்றோ ஷிப்டு முடிந்து ஆட்களை இறக்கிவிடும் கம்பெனி பஸ்கள்தாம் இந்தச் சாலைக்குக் கடிகாரம். இறங்குகிறவர்களில் இளம் பெண்கள் ஏராளம். பெண் வேலைக்குப் போவதில் எந்தத் தாய்க்கும் இப்போது ஆட்சேபம் இல்லை. ஆனால் அதே பெண், “அம்மா, காலேஜ் ஹாக்கி டீமில் சேரட்டுமா?” என்று கேட்டுப் பார்க்கட்டும்! “வெயிலில் கறுத்துப் போவாய். விளையாட்டா நாளைக்குச் சோறு போடப் போகிறது?” என்ற பதில் தயாராக வரும்.

போடுமா, போடாதா? சென்னைக் கல்லூரிகளில் படித்த இருவரின் கதையைக் கேளுங்கள்.

முதலாமவர் வாசுதேவன் பாஸ்கரன். லயோலா கல்லூரி மாணவர். 1980-ல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணிக்குத் தலைவர். இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினுக்கு எதிராக நம்மவர்கள் 3-0 என்று முன்னே போனார்கள். ஸ்பெயின் விட்டதா? துரத்திக்கொண்டே வந்தது. கடைசியில் 4-3 என்று தப்பித் தங்கம் வாங்கினோம். ஹாக்கியில் இந்தியாவின் எட்டாவது தங்கம் அது. ஒன்பதாவது இன்னும் வரவில்லை!

பிறகு அவர் பயிற்சியாளர் ஆனார். அது முள் கிரீடம். ஆட்டக்காரன் தவறினால் அடுத்த நிமிடம் ஈடு செய்யலாம். பயிற்சியாளரோ கோட்டுக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். 2006 உலகக் கோப்பையில் அவர் பயிற்றுவித்த அணி, பன்னிரண்டு நாடுகளில் பதினோராவதாக வந்தது. தங்கத்தைத் தூக்கிய கையாலேயே தோல்வியையும் ஏந்தத்தான் வேண்டியிருந்தது.

இரண்டாமவர் இந்திரா நூயி. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி மாணவி. அங்கே பெண்கள் கிரிக்கெட் அணியில் ஆடினார். கல்கத்தாவிலும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலும் நிர்வாகம் படித்தார். 1994-ல் பெப்சிகோவில் சேர்ந்து, 2006 முதல் 2018 வரை அதன் தலைமை நிர்வாகியாக இருந்தார். அந்தக் காலத்தில் கம்பெனியின் ஆண்டு விற்பனை சுமார் 3,500 கோடி டாலரிலிருந்து 6,300 கோடிக்கு மேல் உயர்ந்தது. கிரிக்கெட் ஆடியதால்தான் இந்தப் பதவி என்றால் அது வெறும் அளப்பு. ஆனால் விளையாட்டு அவரை விடவில்லை. 2018-ல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் தன் முதல் பெண் இயக்குநராக அழைத்தது அவரைத்தான்!

அவரே சொன்ன ஒரு சம்பவம் உண்டு. பெரிய பதவி கிடைத்த செய்தியோடு இரவு வீடு திரும்பினார். தாயார் எதிரே வந்து, “பால் இல்லை, வாங்கி வா” என்றார். கணவர் முன்பே வந்துவிட்டாரே, அவரிடம் சொல்லக்கூடாதா என்றால், மாப்பிள்ளை களைத்திருக்கிறாராம்! பாலை வாங்கி வந்து ‘டக்’கென்று வைத்த மகளிடம், மகுடத்தைக் கார் ஷெட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வா என்றாராம் தாயார்.

மாப்பிள்ளைக்கு மட்டும் களைப்பா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனாலும் அந்த வார்த்தையில் ஓர் உண்மை இருக்கிறது. மகுடத்தைக் கழற்றத் தெரிய வேண்டும். விழுந்தால் எழவும் தெரிய வேண்டும். மைதானம் இந்த இரண்டையும் வாரந்தோறும் சொல்லிக் கொடுக்கிறது. சனிக்கிழமை வென்றவள் ஞாயிற்றுக்கிழமை தோற்கிறாள். திங்கட்கிழமை மறுபடி மட்டையை எடுக்கிறாள்.

சோற்றுக் கேள்விக்கும் பதில் உண்டு. ரயில்வேயும் வங்கிகளும் நல்ல ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து அணி நடத்துவது நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். எல்லோருக்கும் அந்த வேலை கிடைத்துவிடாது. ஆகையால் படிப்பை விடச் சொல்லவில்லை. படிப்போடு விளையாட்டும் இருக்கட்டும் என்கிறோம்.

இன்னொன்று. பெண்கள் ஹாக்கி முதன்முதலில் ஒலிம்பிக்கில் இடம்பெற்றதும் அதே மாஸ்கோவில்தான். நம் பெண்கள் நான்காவதாக வந்தார்கள். 2021-ல் டோக்கியோவிலும் நான்காவது இடமே. பதக்கத்துக்கு ஒரே ஒரு படி பாக்கி!

அந்தப் படியில் கால் வைக்கப் போகிறவள் எந்த வீட்டில் இருக்கிறாளோ? கறுத்துப் போவாளே என்று அவளை உள்ளே நிறுத்தி வைக்காதீர்கள், அம்மா!