லாச்சப்பலில் பழைய முகம்

பாரிஸ் போன இடத்தில், இருபது வருடம் முன்பு கூடப் படித்தவர் எதிரே வந்து நின்றால் யாருக்கும் வாயடைத்துப் போகும். அடுத்து, எல்லாம் விதி என்று சொல்லத் தோன்றும். விதியை இழுக்காமலே இதை விளக்கலாம் என்பது என் கட்சி. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையைவிட்டுப் புறப்பட்ட தமிழர்கள் கால்போன திசையில் போய்விடவில்லை. முன்னே போன அண்ணன் தம்பியைக் கூப்பிட்டார், தம்பி மைத்துனருக்கு வழி சொன்னார். டொரன்டோவில் ஸ்கார்பரோ, லண்டனில் ஈஸ்ட்ஹாம், பாரிஸில் லாச்சப்பல் என்று சில இடங்களில் சனம் சேர்ந்தது இப்படித்தான். பாரிஸில் எந்த மூலையில் குடியிருந்தாலும் முருங்கைக்காய் வாங்கவும் கூறைச்சேலை எடுக்கவும் கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டிய அந்தச் சில தெருக்களுக்குத்தான் வருகிறார்கள். கோடை முடியும் நேரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் புறப்படும். நடுவீதியில் குவித்துவைத்த தேங்காய்களை உடைக்க, இளநீர் தார் ரோட்டில் ஓடும். அதைப் பார்க்க வெளியூர்களிலிருந்தும் தமிழர்கள் வருவார்கள். யாழ்ப்பாணத்துச் சினேகிதர் அன்றைக்கு அங்கே கண்ணில் படுவதில் என்ன அதிசயம்?

சரி, நம்மவர் கூடாத இடத்திலும் சந்திப்பு நடக்கிறதே என்று கேட்கலாம். ஓர் அறையில் 23 பேர் இருந்தால், அவர்களில் யாராவது இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். நம்பக் கடினம், ஆனால் 23 பேருக்குள் 253 ஜோடிகள் உண்டு. பயணத்திலும் இதே கணக்குத்தான். இன்னாரை, இன்ன ஊரில், இன்ன மணிக்கு என்று முன்னதாகக் குறித்துவைத்தால் நடக்காது. பள்ளி, கல்லூரி, பழைய ஆபீஸ், முன்பு குடியிருந்த தெரு என்று அறிமுகமான யாரோ ஒருவர், எங்கோ, என்றோ என்றால் வாய்ப்பு பல மடங்காகிறது. அதிலும் விடுமுறைக் காலத்தில் மேற்கே போகிறவர்களில் எத்தனையோ பேர் துபாயிலும் தோஹாவிலும்தான் விமானம் மாறுகிறார்கள். பெர்சி டயகோனிஸ், பிரடெரிக் மோஸ்டெல்லர் என்ற இரு புள்ளியியல் அறிஞர்கள் 1989-இல் எழுதிய கட்டுரையிலும் இதுதான் வாதம்: எண்ணிக்கை போதிய அளவு பெருகினால் எந்த விசித்திரமும் நடக்கத்தான் செய்யும். யாரும் எதிர்ப்படாத பயணங்களை நாம் வீட்டில் வந்து சொல்வதில்லை, எண்ணுவதும் இல்லை.

இப்படிக் கணக்குப் போட்டுச் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்பார்கள். அந்தச் சந்தோஷம் வந்து நின்ற மனிதரால் வருவது. எத்தனை லட்சத்தில் ஒன்று என்று தெரிந்தால் அது குறையாது. விதி என்று விட்டுவிடுவதில்தான் உண்மையான நஷ்டம் இருக்கிறது. கிடைக்கிறபோது கிடைக்கட்டும் என்று தேடாமலே இருந்துவிடுகிறோம். சனம் போன வழி தெரிந்தால் தேடவும் வழி உண்டு. யாழ்ப்பாணப் பள்ளிகள் பலவற்றுக்கு லண்டனிலும் டொரன்டோவிலும் பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. போரில் பிரிந்த உறவு என்றால் செஞ்சிலுவையின் தேடும் பணி இருக்கிறது. 1870-இல் பிரெஞ்சு–பிரஷ்யப் போரின்போது, காயம்பட்டவர்களைப் பற்றி வீட்டாருக்குத் தகவல் சேர்க்க பாசல் நகரில் தொடங்கிய பணி அது. இன்றும் பல நாடுகளில் காசு வாங்காமல் தேடித் தருகிறார்கள். உங்கள் வீட்டில் யாரையாவது அப்படித் தொலைத்திருந்தால், பக்கத்துச் செஞ்சிலுவைக் கிளையில் போய் விண்ணப்பம் கொடுங்கள்.