கொண்டைக்குள் ஓர் ஆயுதம்

1960களின் தொடக்கத்தில் ஆங்கில த்ரில்லர் கதைகளில் பெண் பெரும்பாலும் கடத்தப்படுவாள், இல்லையென்றால் கதாநாயகனைக் காதலிப்பாள். அடிதடியும் திட்டம் போடுவதும் ஆண்கள் பாடு. அப்படிப்பட்ட சமயத்தில்தான், 1963 மே மாதம், லண்டன் ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’ நாளிதழில் மாடஸ்டி பிளைசி நுழைந்தாள். பீட்டர் ஓ’டானல் எழுத, ஜிம் ஹோல்டவே வரைந்த படக்கதை அது. 1965இல் முதல் நாவல் வந்தது. சினிமாவுக்காக ஓ’டானல் எழுதிய திரைக்கதையை ஆளாளுக்கு மாற்றிவிட்டார்கள். தான் நினைத்த கதையை அவர் நாவலாக எழுதி வைத்தார். 1966இல் வந்த படத்தை அவர் வெறுத்தார். புத்தகங்களோ 1996 வரை வளர்ந்தன: 11 நாவல்கள், 2 சிறுகதைத் தொகுப்புகள்.

அன்றைய வாசகரை அசத்தியது அவளுடைய சண்டை. கோங்கோ என்று ஒரு ஆயுதம் வைத்திருப்பாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற, இரு முனையும் உருண்ட சின்ன மரக்கட்டை. கூந்தலை அள்ளி முடிந்து அந்தக் கொண்டைக்குள் செருகிக்கொள்வாள். சோதனை போடுகிறவன் தலையலங்காரம் என்று விட்டுவிடுவான். பிறகு நரம்பு முடிச்சு பார்த்து ஒரே தட்டு, தடியன் சுருண்டுவிடுவான். ஒரு பெண்ணால் இது முடியுமா என்ற கேள்வி அன்று இருந்தது. இன்று ஸ்வீடன் நாவல்களின் நாயகி லிஸ்பெத் சலாண்டரையும், லூக் ஜென்னிங்ஸ் எழுதிய கொலைகாரி வில்லனெல்லையும் படித்து வளர்ந்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

அவளுடைய இன்னொரு தந்திரம் இப்போது உறுத்துகிறது. மேலாடையைக் களைந்துவிட்டு எதிரிகள் இருக்கும் அறைக்குள் நுழைவாள். அவர்கள் திகைத்து நிற்கும் ஓரிரு நொடிகளில் அவளும் கூட்டாளி வில்லி கார்வினும் காரியத்தை முடித்துவிடுவார்கள். எதிராளியின் பலவீனத்தை எடைபோட்டு வைக்கும் பொறி அது என்று கதைக்குள் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆண் வாசகரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது என்பதையும் மறுக்க முடியாது. இன்று எழுதினால் அந்தக் காட்சி இருக்காது; இல்லாமல் போனாலும் கதைக்கு நஷ்டமில்லை.

நஷ்டம் என்று நான் நினைப்பது வேறொன்றை. வில்லி, அவள் முன்பு நடத்திய குற்றக் கும்பலில் வலது கையாக இருந்தவன், கத்தி வீச்சில் சூரன். அவளை ‘இளவரசி’ என்றுதான் அழைப்பான். அவள் சொன்னால் கேட்பான். அதில் அவனுக்குத் துளியும் கூச்சமில்லை. உயிரைக் கொடுக்கும் நெருக்கம், ஆனால் காதல் இல்லை. முப்பது ஆண்டுக் கதைகளிலும் ஓ’டானல் இந்தக் கோட்டைத் தாண்டவே இல்லை. இன்றைய நாயகிகள் பலரும் ஒண்டியாட்கள், யாரையும் நம்பாதவர்கள். இப்படியொரு தோழமையை அவர்களுக்கு யாரும் எழுதித் தருவதில்லை. தமிழுக்கும் இந்த ஜோடி வந்தது: 1984இல் சிவகாசியில் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே ‘கத்தி முனையில் மாடஸ்டி’. வில்லி வைத்த ‘இளவரசி’ பட்டத்தைத் தமிழ் ரசிகர்களும் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

மாடஸ்டியின் வேர் இன்னும் பின்னால் இருக்கிறது. 1942இல் ராணுவ வீரராக வட ஈரானில் இருந்த ஓ’டானல், போரில் எல்லாவற்றையும் இழந்து தனியாக நடந்து வந்த ஒரு சிறுமியைப் பார்த்தார். அவரும் சக வீரர்களும் அவளுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். மரத்துண்டில் ஆணியைக் கட்டி, அதைத் தற்காப்புக்கு வைத்திருந்தாள். மாடஸ்டி அவளிடமிருந்து பிறந்தவள்: ஊர், பெயர், பெற்றோர் எதுவும் தெரியாத அகதிக் குழந்தை. அன்று வாசகர்கள் சண்டைக்கு விரைந்தபடி அவளுடைய குழந்தைப் பருவத்தைச் சொல்லும் பக்கங்களைப் புரட்டியிருப்பார்கள். எனக்கோ இப்போது சண்டையை விட இந்தப் பகுதிதான் வலுவாகத் தெரிகிறது. கோங்கோவைச் சுழற்றும் கை எங்கே பழகியது என்று இங்கேதான் புரிகிறது.

நாவல்களில் அவள் முப்பதைத் தாண்டாமலே இருந்தாள். 1996இல் வந்த கடைசிப் புத்தகமான ‘கோப்ரா ட்ராப்’பின் கடைசிக் கதையில்தான் அவளுக்கு 52 வயது. நோய் முற்றிய நிலையிலும் ஒரு ரயிலில் இருப்பவர்களைக் காக்கப் போராடுகிறாள். அந்த வயது மாடஸ்டிக்கு ஒரு முழு நாவலே கொடுத்திருக்கலாம். ஐம்பதைத் தொட்ட அடிதடி நாயகியை இன்றைய த்ரில்லர்களிலும் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.