நிலத்திற் படியும் பூச்சிமருந்தும் அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்களும்

பயிருக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தில் ஒரு பகுதி மண்ணையும் வயல்நீரையும் அடைகின்றது. அங்ஙனம் சேர்ந்த நஞ்சு வெயிலாலும் நீராலும் ஒருவாறு கெடுமாயினும், அதைச் சிதைப்பதிற் பெரும்பங்கு கொள்பவை மண்ணில் வாழும் பாக்டீரியா முதலிய நுண்ணுயிர்களேயாம்.

பிலிப்பைன்ஸ் தேசத்தில் லாஸ் பானோஸ் என்னும் ஊரிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கண்ட விஷயம் இதற்குத் தக்க சான்றாகும். அங்கே புகையானை அடக்கும் பொருட்டு டயாசினான் என்னும் மருந்தைக் குருணையாக வயல்நீரில் இட்டு வந்தனர். முதலில் நற்பலன் தந்த அம்மருந்து, அதே வயல்களில் திரும்பத் திரும்ப இடப்பட்டபின் பயனற்றுப் போயிற்று. முன்பு மருந்து காணாத வயலில் அது நிலைத்து நிற்க, பலமுறை கண்ட வயலின் நீரில் சில நாட்களிலேயே சிதைந்தமை 1972-இல் வெளியாயிற்று. மறு ஆண்டில் சேதுநாதன், யோஷிதா என்னும் விஞ்ஞானிகள், அத்தகைய வயல்நீரினின்றும் பிளேவோபாக்டீரியம் இனத்துப் பாக்டீரியா ஒன்றைப் பிரித்தெடுத்து, அது டயாசினானையே ஆகாரமாகக் கொண்டு வளர்தலை விளக்கினர்.

ஆகவே, மண்ணுக்கு நன்மையாய் அமைவதே மருந்துச் செலவுக்கு நஷ்டமாகவும் முடியலாம். மருந்து பலிக்கவில்லையென்று அளவைக் கூட்டுவோர் பலர். இத்தகைய வயலில் அது பெரும்பாலும் நுண்ணுயிருக்கு இடும் விருந்தேயாகும். ஒரே மருந்தை ஆண்டுதோறும் இடாமல் மாற்றுதல் நலம். மாற்றும் மருந்தும் அதே இரசாயன வகுப்பினதாயிருப்பின் பயன் குறைவு; ஏனெனில் மேற்படி பாக்டீரியா பாரத்தியானையும் பிளக்க வல்லது. ஆயினும் அதனின்று பிறக்கும் நைட்ரோபீனால் என்னும் பொருளும் நஞ்சேயாம். அதனை மேலும் சிதைக்க வேறு இனங்கள் வேண்டும். புட்டியில் அடைத்த ஒரே இனத்தை வாங்கி நிலத்தில் விட்டால் விஷம் முற்றும் நீங்கிவிடும் என்று நம்புதல் தகாது; புதிதாக விடப்பட்டவை மண்ணில் முன்னரே வேரூன்றிய இனங்களோடு போட்டியிட மாட்டாமல் மடிவதும் உண்டு.

இந்தியாவில் 1997-இல் தடுக்கப்பட்ட பி.எச்.சி. மருந்தின் எச்சம், உலர்ந்த நிலத்தைவிட நீர் கட்டிய சேற்றில் விரைந்து சிதைகின்றது. காற்றில்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்களே அதற்குக் காரணம். வைக்கோல், பசுந்தழை முதலியவற்றை மடக்கியுழுதால் அவற்றின் வேலை துரிதப்படும். எனினும் அம்மருந்திலுள்ள பீட்டா என்னும் கூறு எளிதிற் சிதையாது.

தாமிரம், பாஷாணம் போன்றவை சேர்ந்த மருந்துகளின் நிலை வேறு. அவை மூலப்பொருள்களாதலின், நுண்ணுயிர்கள் அவற்றை வேறு உருவாக மாற்றுமேயன்றி அழிக்கமாட்டா. போர்டோ கலவையை நெடுங்காலம் தெளித்த தோட்டங்களில் மண்ணைச் சோதனைச்சாலைக்கு அனுப்பித் தாமிரத்தின் அளவை அறிந்த பின்னரே அடுத்த பயிரைத் தீர்மானித்தல் வேண்டும்.