பாலிசி யார் பெயரில்?

மத்திய காலத்தில் மேற்கு ஐரோப்பியக் கடலோரங்களில் வழங்கிய ஒலெரோன் சட்டத் தொகுப்பில் நோயுற்ற மாலுமிக்கென்று ஒரு விதி இருக்கிறது. பயணத்தின் நடுவே ஒருவன் படுத்துவிட்டால் கப்பல் தலைவன் அவனைக் கரையில் இறக்க வேண்டும். தங்க இடமும், இரவுக்கு மெழுகுவத்தியும், கப்பலில் வழக்கமாகப் போடும் சாப்பாடும் தர வேண்டும். பார்த்துக்கொள்ள ஒரு பையனை விட்டுச் செல்ல வேண்டும், இல்லாவிட்டால் கூலிக்கு ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும். பக்கத்திலேயே இன்னொரு விதி: கரைக்குப் போய்க் குடித்துச் சண்டையிட்டு அடிபட்டவனுக்கு இந்தச் சலுகை கிடையாது. எது செல்லும், எது செல்லாது என்று இன்றைய பாலிசிகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே, அந்த வேலை அப்போதே தொடங்கிவிட்டது. மாலுமியின் வைத்தியச் செலவு கப்பலின் பொறுப்பு என்ற கொள்கையும் அன்றிலிருந்து தொடர்கிறது. அந்தக் கொள்கை நல்லதுதான். ஆனால் அது கப்பலோடு ஒட்டியிருக்கிறதே தவிர மாலுமியோடு கூட வருவதில்லை. இந்தக் குறை மிக வெளிப்படையாகத் தெரியும் இடம் சரக்குக் கப்பல் அல்ல, கோடீசுவரர்களின் சொகுசுப் படகான யாட்.

யாட் என்றதும் கண்ணுக்குத் தெரிவது அதன் சொந்தக்காரரும் விருந்தினரும்தான். ஐம்பது மீட்டர் நீளப் படகு ஒன்றில் பத்துப் பேர் அளவுக்காவது வேலை செய்கிறார்கள். கயிறு கட்டி, பக்கச்சுவரில் தொங்கி, வெள்ளை வண்ணத்தை நாள் முழுக்கக் கழுவித் துடைக்கும் டெக்ஹேண்ட். அறைகளையும் மேசையையும் கவனிக்கும் ஸ்டூவர்டஸ். ஆடும் அடுப்பங்கரையில் கொதிக்கும் எண்ணெயோடு நிற்கும் செஃப். இயந்திர அறையின் சூட்டில் இன்ஜினியர். பிரிட்டன், தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, பிலிப்பைன்ஸ் என்று பல நாட்டு இளைஞர்கள் பிரான்சின் ஆன்டிபிலும் ஸ்பெயினின் பால்மாவிலும் அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேலிலும் வந்து வேலை தேடுகிறார்கள். படகு பதிவாவது கேமன் தீவுகளில், மார்ஷல் தீவுகளில் அல்லது மால்டாவில். சம்பளம் போடுவது பெரும்பாலும் வேறொரு தீவில் பதிவான நிறுவனம். இப்படி நான்கு நாடுகளுக்கு நடுவே நிற்கும் ஒருவருக்கு வயிற்றுவலி வந்தால் பில் யாருக்குப் போகும் என்பதே கேள்வி.

சட்டம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2006இல் நிறைவேற்றிய கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்ட் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியா 2015இல் அதை ஏற்றுக்கொண்டது. தூத்துக்குடியிலிருந்தும் சென்னையிலிருந்தும் சரக்குக் கப்பலேறும் நம் பிள்ளைகளுக்கும் அதுதான் அடிப்படை. பணியில் சேர்ந்த நாள் முதல் ஊர் திரும்பும்வரை வரும் நோய்க்கும் காயத்துக்கும் கப்பல் உரிமையாளரே பொறுப்பு என்று அது தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அந்த உடன்படிக்கை வழக்கமாக வணிகத்தில் ஈடுபடும் கப்பல்களுக்கு மட்டுமே பொருந்தும். வாடகைக்கு விடப்படும் யாட் அதற்குள் வரும். சொந்தக்காரர் தன் குடும்பத்தோடும் நண்பர்களோடும் மட்டும் பயன்படுத்துவதாகப் பதிவுசெய்த யாட் வராது. ஒரே கட்டுமானத் தளத்தில் கட்டப்பட்டு, ஒரே துறைமுகத்தில் அருகருகே நிற்கும் இரண்டு படகுகளில், ஒன்றின் பணியாளருக்கு உடன்படிக்கையின் பாதுகாப்பு உண்டு, மற்றதன் பணியாளருக்கு அவருடைய ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். அழுக்கு நீக்கும் ரசாயனமும், அறுந்து சுண்டும் கயிறும், மத்தியதரைக் கடல் வெயிலும் இரண்டு படகிலும் ஒன்றேதான்.

சரி, வணிகப் பதிவுள்ள படகு என்றே வைத்துக்கொள்வோம். உரிமையாளரின் மருத்துவச் செலவுப் பொறுப்பை, காயமோ நோயோ ஏற்பட்ட நாளிலிருந்து 16 வாரங்களுக்குக் குறையாத ஒரு காலத்தோடு நிறுத்திக்கொள்ள நாடுகளுக்கு உடன்படிக்கை அனுமதி தருகிறது. இந்தப் பதினாறு 2006இல் யோசித்துப் போட்ட எண் அல்ல. நோயுற்ற மாலுமிகள் குறித்து 1936இல் வந்த 55ஆம் உடன்படிக்கையிலேயே இருப்பது. பெனிசிலின் புழக்கத்துக்கு வராத காலத்துக் கணக்கு அது. எலும்பு முறிவுக்கு இன்றும் 16 வாரம் போதலாம். முதுகுத்தண்டு அறுவைக்குப் பிந்தைய சிகிச்சைக்கோ, வெயிலில் கிடந்து வரும் தோல் புற்றுநோய்க்கோ, மனச்சோர்வுக்கோ அது எந்த மூலைக்கு? 2017 ஜனவரி 18 முதல், உரிமையாளர் நிதிப் பாதுகாப்பு வைத்திருப்பதற்கான சான்றிதழைக் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவைக்க வேண்டும் என்ற விதி வந்தது. அந்தத் தாளைப் பார்த்துத் தமக்குக் காப்பீடு இருப்பதாக நம்பும் பணியாளர்கள் உண்டு. அது காப்பது மாலுமியை நடுவழியில் கைவிட்டுவிடும் நிலையையும், வேலையால் நேரும் மரணத்தையும் நீண்டகால ஊனத்தையும்தான். சாதாரணக் குடல்வால் அறுவைக்கு அந்தத் தாளைக் காட்டிப் பணம் வாங்க முடியாது.

குடல்வால் என்றதால் கடலுக்கு நடுவே வைத்தியம் எப்படி நடக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். நூறு பேரோ அதற்கு மேலோ ஏறி, மூன்று நாளுக்கு மேற்பட்ட பன்னாட்டுப் பயணம் போகும் கப்பலில்தான் டாக்டர் கட்டாயம். வணிக யாட்டுகள் பெரும்பாலும் 12 விருந்தினருக்கு மேல் ஏற்ற முடியாது. எனவே பெரிய யாட்டில்கூடப் பெரும்பாலும் சட்டப்படி டாக்டர் தேவையில்லை. சில நாள் மருத்துவப் பயிற்சி முடித்த ஓர் அதிகாரிதான் அங்கே வைத்தியர். நவம்பரில் கேனரி தீவுகளிலிருந்து கரீபியனுக்குப் புறப்படும் யாட்டுக்கு முன்னால் கிட்டத்தட்ட 2,700 கடல் மைல் தண்ணீர். ஐந்தாம் நாள் ஒரு டெக்ஹேண்டுக்கு அடிவயிற்றில் வலி. அதிகாரி செயற்கைக்கோள் தொலைபேசியில் ரோமிலுள்ள சி.ஐ.ஆர்.எம். என்ற வானொலி மருத்துவ மையத்தின் டாக்டரையோ, பிரான்சின் துலூஸ் மருத்துவமனையிலுள்ள கடல்சார் ஆலோசனை மையத்தையோ அழைக்கிறார். காய்ச்சல், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், அழுத்தி விடும்போது வலி கூடுகிறதா என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். எதிர்முனையில் இருப்பவர் மருந்துப் பெட்டியில் உள்ள எந்த ஆன்டிபயாடிக்கை, எத்தனை மணிக்கு ஒருமுறை, ஊசியாகவா மாத்திரையாகவா என்று சொல்கிறார். ரோம் மையத்தை 1935இல் குய்தோ குய்தா என்ற மருத்துவர் தொடங்கினார். அதன் முதல் தலைவர் வானொலி முன்னோடியான மார்க்கோனி. எலெட்ரா என்ற தன் சொந்த யாட்டையே வானொலி ஆய்வுக்கூடமாக வைத்திருந்தவர் அவர். எந்த நாட்டுக் கப்பல் கேட்டாலும் அந்த ஆலோசனை இலவசம்.

ஆலோசனை இலவசம்தான். அதன் பின் வருவது எதுவும் இலவசமல்ல. ஹெலிகாப்டர் எட்டும் தூரத்தை அந்தப் படகு எப்போதோ கடந்துவிட்டது. திசை திருப்பி கேப் வெர்டே தீவுகளுக்குப் போகலாம், அல்லது அருகில் டாக்டரோடு போகும் கப்பல் இருக்கிறதா என்று தேடலாம். கரை சேர்ந்ததும் மருத்துவமனை முதலில் கேட்பது பணத்துக்கு உத்தரவாதக் கடிதம். கரீபியன் தீவுகளிலும் அமெரிக்காவிலும் அந்தக் கடிதம் இல்லாவிட்டால் முன்பணம் கட்டு என்பார்கள். இங்கேதான் பாலிசியின் சொற்கள் உயிர்பெறுகின்றன. ‘மருத்துவ வெளியேற்றம்’ என்பது தகுந்த வசதியுள்ள அருகிலுள்ள மருத்துவமனைவரை கொண்டுசேர்ப்பது மட்டுமே. சொந்த நாட்டுக்கு அனுப்புவது தனிப் பிரிவு. விமான ஆம்புலன்ஸுக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் முன் ஒப்புதல் வேண்டும். பதற்றத்தில் கேப்டன் தானே ஏற்பாடு செய்துவிட்டால் பிறகு வழக்கு நடக்கும். ‘அமெரிக்கா நீங்கலாக உலகம் முழுவதும்’ என்று எழுதிய பாலிசியோடு ஃபோர்ட் லாடர்டேலில் குளிர்காலம் கழிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இத்தனை கவலை எதற்கு, இவ்வளவு பணக்காரர் ஒரு பையனின் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்க்காமல் விடுவாரா என்று கேட்கலாம். பலர் விடுவதில்லை என்பதும் உண்மை. நல்ல யாட்டுகளில் பணியாளருக்கென்றே குழு மருத்துவக் காப்பீடு எடுக்கிறார்கள். ஆனால் பணியாளரின் ஒப்பந்தத்தில் அந்தப் பணக்காரரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. படகு ஒரு நிறுவனத்தின் பெயரில், வேலை இன்னொரு நிறுவனத்தின் பெயரில், நிர்வாகம் மூன்றாவதன் கையில். பெருந்தன்மை யாரிடம் இருக்கிறதோ அவரைச் சட்டப்படி கேட்க முடியாது; கேட்கக்கூடியவரிடம் பெருந்தன்மைக்கு அதிகாரமில்லை. உரிமையாளர்களின் பரஸ்பரக் காப்பீட்டுச் சங்கமான பி அண்ட் ஐ கிளப்பை நம்பலாமா? அது காப்பது உரிமையாளரின் பொறுப்பை. முதலில் உரிமையாளர் கொடுக்க வேண்டும், பிறகே கிளப் அவருக்குத் திருப்பித் தரும் என்பதுதான் அதன் வழக்கமான விதி. உரிமையாளரே கொடுக்க மறுத்தாலோ, திவாலானாலோ, படகை விற்றுவிட்டாலோ மாலுமி வெளியே நிற்பார்.

குழுக் காப்பீடு இருந்தாலும் அதன் ஆயுள் வேலையின் ஆயுள்தான். ஐ.டி. கம்பெனியில் ராஜினாமா செய்த மறுநாள் ஆஸ்பத்திரி கவுன்டரில் பழைய கம்பெனி கார்டை நீட்டுபவருக்கு நேர்வதுதான் இவர்களுக்கும். யாட் வேலையில் இடைவெளிகள் இன்னும் அதிகம். கோடை முடிந்ததும் ஒப்பந்தம் முடியும். அடுத்த படகு கிடைக்க மாதங்கள் ஆகலாம். இரண்டு மாதம் வேலை, இரண்டு மாதம் விடுப்பு என்ற சுழற்சியில் இருப்பவர் விடுப்பில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தால் ‘கப்பல் பணியில் இருக்கும்போது’ என்ற சொல் அவரைக் கைவிடும். எல்லாவற்றிலும் மோசமானது புதிதாக வருபவர்களின் நிலை. காலையில் துறைமுக மேடை நெடுக நடந்து, ஒவ்வொரு படகின் ஏணியடியிலும் நின்று, இன்று ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்பார்கள். டாக்-வாக்கிங் என்று இதற்குப் பெயர். தேய்ப்பு, பாலிஷ், பெயின்ட் என ஒருநாள் கூலி வேலை; பெரும்பாலும் ஒப்பந்தமே இருக்காது. சாரத்திலிருந்து விழுவதற்கு வாய்ப்பு அதிகமுள்ள இந்த வேலையில்தான் காப்பீடு மிகக் குறைவு. சொந்த நாட்டு அரசுத் திட்டம் இருக்கிறதே என்று பிரிட்டிஷ் இளைஞர் நினைக்கலாம். அந்த நாட்டின் இலவச மருத்துவமே வழக்கமாக அங்கே வசிப்பவர் என்ற தகுதியை வைத்துத்தான். ஆண்டுக் கணக்கில் வெளிநாட்டுக் கடலில் இருப்பவருக்கு அந்தத் தகுதியே கேள்விக்குள்ளாகலாம்.

இதைவிட நுணுக்கமான சிக்கல் ஒன்று உண்டு. வேலையில் சேரும்போது வேண்டுமென்றே மறைத்த நோய்க்கு உரிமையாளரைப் பொறுப்பிலிருந்து விலக்க நாடுகளுக்கு இடம் தருகிறது உடன்படிக்கை. நியாயமான விதி என்றே தோன்றும். மாலுமிகளின் மருத்துவச் சான்றிதழ் அதிகபட்சம் இரண்டு ஆண்டுதான் செல்லும்; அது இல்லாமல் கப்பலேற முடியாது. ஆஸ்துமாவையோ மனச்சோர்வுக்கு எடுக்கும் மாத்திரையையோ சொன்னால் சான்றிதழ் போய்விடுமோ என்ற பயத்தில் மறைப்பவர், அதே மறைப்பால் காப்பீட்டையும் இழக்கிறார். வேலை நேரம் சட்டப்படியே ஒரு நாளில் 14 மணிவரை போகலாம். விருந்தினர் இருக்கும் வாரங்களில் நள்ளிரவில் முடிந்து விடியலில் தொடங்கும். தூங்குவது இரண்டு அடுக்குப் படுக்கையுள்ள சிறு அறையில், இன்னொருவரோடு. இங்கே மனம் தளர்ந்தால் போய்ச் சொல்ல வேண்டியது கேப்டனிடம். கிளெய்ம் போவதும் அவர் வழியாக, இல்லையென்றால் நிர்வாக நிறுவனம் வழியாக. அடுத்த வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிறவரும் அவரே. ‘மனநல சிகிச்சைக்கும் எங்கள் குழு பாலிசியில் இடமுண்டு’ என்று ஒரு யாட் பெருமையாகச் சொன்னாலும், அதைப் பயன்படுத்தும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? தன் பெயரில், தன் கைபேசியிலிருந்தே டாக்டரை அழைக்கக்கூடிய பாலிசி இருந்தால் இந்த மௌனத்தில் பாதியாவது குறையும்.

சொந்தப் பெயரில் பாலிசி என்றால் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை பிரீமியத்துக்கு எங்கே போவான் என்பது வலுவான எதிர்வாதம். அவன் கட்ட வேண்டியதில்லை. உரிமையாளர் கட்டட்டும், பெயர் மட்டும் அவனுடையதாக இருக்கட்டும். வேலை மாறினால் புதியவர் தொடரட்டும், இடைப்பட்ட மாதங்களை அவன் பார்த்துக்கொள்ளட்டும். இளமையில் எடுத்த பாலிசி தொடர்ந்தால், முப்பத்தைந்தில் வரும் முதுகுவலியை ‘ஏற்கெனவே இருந்த நோய்’ என்று ஒதுக்க முடியாது. ஒரு யாட்டை ஓராண்டு நடத்த அதன் விலையில் பத்தில் ஒரு பங்கு ஆகும் என்பது இத்துறையில் புழங்கும் தோராயக் கணக்கு. ஐந்து கோடி டாலர் படகென்றால் ஆண்டுக்கு ஐம்பது லட்சம் டாலர். அதில் பத்துப் பேரின் பிரீமியம் எரிபொருள் செலவுக்குப் பக்கத்தில்கூட நிற்காது. 2017 ஜூலையில் பிரான்ஸ் தன் மண்ணில் நிலையாக வசிக்கும் மாலுமிகளை, அவர்கள் வேறு நாட்டுக் கொடியுள்ள படகில் வேலை செய்தாலும், தன் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்ற ஆணையை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது பிரெஞ்சு ரிவியரா துறைமுகங்களில் செலவு பற்றிப் பெரும் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் அந்த ஆணையின் அடிப்படை கவனிக்கத்தக்கது. அது படகின் கொடியைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தது.

உடன்படிக்கையும் தேங்கி நிற்கவில்லை. கோவிட் காலத்தில் மாலுமிகளைக் கரையிறக்கவே துறைமுகங்கள் மறுத்த அனுபவத்துக்குப் பிறகு, 2022இல் செய்த திருத்தங்கள் 2024 டிசம்பர் 23 அன்று நடைமுறைக்கு வந்தன. உடனடிச் சிகிச்சை தேவைப்படுபவரைத் தாமதமின்றி இறக்கி மருத்துவமனை சேர்க்க வேண்டும் என்கின்றன அவை. பாதுகாப்பு உடைகள் அவரவர் அளவுக்குப் பொருந்த வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. பெண்கள் ஏராளமாக வேலை செய்யும் யாட்டுகளுக்கு அது சிறிய விஷயமல்ல. தனிப்பயன் யாட்டுகளையும் உடன்படிக்கைக்குள் கொண்டுவருவதற்கு அவற்றைப் பதிவுசெய்யும் நாடுகள் முன்வந்தால் பாதிக் கதவு திறக்கும். அதுவரை, கையெழுத்துப் போடும் முன் பணியாளர் கேட்டுப் பார்க்க வேண்டியது படகின் நீளத்தை அல்ல. அது எந்தப் பிரிவில் பதிவாகியிருக்கிறது, வேலை முடிந்த மறுநாளும் பாலிசி செல்லுமா, அந்தப் பாலிசியின் ஒரு பிரதி தன் கையில் கிடைக்குமா என்பதைத்தான்.