எதுகையும் பாலர் கல்வியும்

நமது பட்டணங்களிலும் சிற்றூர்களிலும் பெருகியிருக்கும் பாலர் பள்ளிகளில் ஏதேனுமொன்றின் வாயிலில் ஒருநாள் காலையில் சற்று நின்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம் உடனே புலப்படும். மூன்று வயதும் நான்கு வயதுமான தமிழ்க் குழந்தைகள் ஆங்கிலப் பாலர் பாட்டுக்களை ஒரே குரலாகப் பாடிக்கொண்டிருப்பார்கள். அவற்றின் பொருள் அவர்களில் பலருக்குத் தெரியாது. அடிகளின் முடிவில் ஒத்து ஒலிக்கும் ஓசையே அவர்களைக் கவர்கிறது. வீட்டிற்கு விருந்தினர் வந்ததும் அதே பாட்டைப் பாடச் சொல்லிப் பெற்றோர் பூரித்துப் போகிறார்கள். மேடையேறி அடுக்குமொழியில் தமிழ்ப் பற்றை முழங்குவோரும் அப்பெற்றோரில் உண்டு என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தின்மீது நமக்குப் பகைமை இல்லை. உரிய வயதில் அதைக் கற்பதனால் விளையும் பிரயோஜனத்தை நாம் மறுக்கவுமில்லை. ஆனால், ஒலியொப்புமையைக் கண்டுகொள்ளும் சக்தி குழந்தையின் செவியில் முதன்முதல் அரும்பும் காலத்தில், அது எந்தப் பாஷையில் அரும்ப வேண்டும் என்பதே கேள்வி. தாய்மொழியிலேயே அரும்ப வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். அபிமானத்தினால் மாத்திரம் இதைச் சொல்லவில்லை. தமிழின் அமைப்பே அவ்வாறு கோருகிறது.

ஆங்கிலத்தில் ஒத்த ஓசை பெரும்பாலும் அடியின் இறுதியில் விழும். தமிழிலோ அதன் சிறப்பிடம் முதலில் இருக்கிறது. அடிதோறும் முதலெழுத்து ஒன்றி வருவது மோனை. இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. இறுதி ஒன்றி வருவது இயைபு. இவற்றைத் தொல்காப்பியமே வகுத்து வைத்திருக்கிறது. எனினும் மோனைக்கும் எதுகைக்கும் நம் புலவர்கள் அளித்த இடத்தை இயைபுக்கு அளிக்கவில்லை. இதன் காரணத்தைச் சற்றே ஊகிக்கலாம். காலம், பால், எண், வேற்றுமை ஆகியவற்றைக் காட்டும் உறுப்புக்களெல்லாம் தமிழ்ச் சொல்லின் இறுதியிலேயே வந்து ஒட்டுகின்றன. ஆகையால் ‘வந்தான், போனான், தின்றான்’ என்று இறுதி ஒத்த சொற்களை அடுக்குவதற்கு முயற்சியே வேண்டுவதில்லை. சொல்லின் பொருள் வேரூன்றி நிற்பது அதன் முற்பகுதியில். எதுகை அங்கேதான் செவியைக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

எதுகைக்கு இன்னொரு நியதியும் உண்டு. இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது. முதலெழுத்துக்கள் குறிலுக்குக் குறிலாகவும் நெடிலுக்கு நெடிலாகவும் அளவொத்து நிற்க வேண்டும். யானை, பானை, பூனை, சேனை என்பன ஒரு குடும்பம். பனை, தினை, மனை, வினை என்பன வேறொரு குடும்பம். பனையும் பானையும் பார்வைக்கு நெருங்கினவையாயினும் ஒன்றுக்கொன்று எதுகையாகா. இவ்விரு குடும்பங்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகிய குழந்தைக்கு, குறில் நெடில் வேற்றுமையைப் பின்னர் இலக்கணமாகப் போதிக்கும் சிரமம் பெரிதும் குறைந்துவிடும்.

நமது எழுத்தில் இன்று மலிந்து கிடக்கும் பிழைகளையும் கவனிக்க வேண்டும். லகர ளகர மயக்கமும் ரகர றகர மயக்கமும் கடைப் பலகைகளில் மட்டுமன்றி, தமிழைக் காக்க அழைக்கும் சுவரொட்டிகளிலும் காணப்படுகின்றன. பள்ளி, வெள்ளி, புள்ளி, துள்ளி என்று ஒரு வரிசையையும், பல்லி, நெல்லி, மல்லி, வல்லி என்று மற்றொரு வரிசையையும் ஐந்து வயதிலேயே செவியில் ஏற்றிவிட்டால், பள்ளிக்கூடத்தைப் பல்லிக்கூடமாக்கும் விபரீதம் பிறகு நேராது. மரம், கரம், வரம், சரம் ஒரு புறம். அறம், புறம், நிறம், திறம் மறுபுறம். ரகர றகர வேற்றுமை பல ஊர்ப் பேச்சில் மறைந்துவிட்டபடியால், இங்கே உபாத்தியாயர் முதலில் தம் நாவைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். அதுவும் நன்மையே.

செவிப் பயிற்சிக்கும் வாசிப்புக்கும் உள்ள தொடர்பு மேனாட்டில் ஆராய்ந்து கண்ட விஷயம். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் என்ற இருவர் 1983-ம் வருஷத்தில் ‘நேச்சர்’ பத்திரிகையில் தங்கள் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். இன்னும் வாசிக்கத் தொடங்காத நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் சுமார் 400 பேரிடம், சில சொற்களைச் சொல்லி, அவற்றுள் ஓசையில் சேராத சொல் எது என்று வினவினார்கள். அதில் தேர்ந்து விளங்கிய குழந்தைகள் சில வருஷங்கள் கழித்து வாசிப்பிலும் எழுத்துக்கூட்டுவதிலும் முன்னணியில் நின்றனர். பின்தங்கியவர்களில் ஒரு பகுதியினருக்கு இப்பயிற்சியை அளித்துப் பார்த்தபோது, ஓசையோடு எழுத்தையும் இணைத்துக் கற்றவர்களே மிகுந்த பயன் அடைந்தனர்.

ஆங்கிலக் குழந்தைகளிடம் கண்ட முடிவை அப்படியே தமிழுக்கு ஏற்றிவிடலாகாது. ஆயினும் தமிழுக்கு இதில் ஓர் அநுகூலம் இருக்கிறது. ஆங்கில எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள பிணக்கு உலகறிந்தது. தமிழிலோ எதுகையில் செவி பற்றுகின்ற ‘னை’ என்ற ஒலியே பலகையில் ‘னை’ என்ற ஓர் எழுத்தாக நிற்கிறது. கேட்டதும் எழுதுவதும் ஒன்றாகவே இருக்கையில், குழந்தைக்கு அதைவிட எளிய படிக்கட்டு வேறென்ன வேண்டும்?

நம் முன்னோர்கள் இதை அறியாதவர்களல்லர். திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் பழகிய பிள்ளைகள் ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் அகர வரிசையிலேயே வாய்ப்பாடமாகக் கற்றார்கள். அம்மணலெழுத்து முறையை 18-ம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், அதைத் தம் தேசத்துக்கும் கொண்டு சென்றார். பாரதியாரும் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் பாலருக்கென்று பாடினார்கள். அழ. வள்ளியப்பாவின் ‘மலரும் உள்ளம்’ 1944-ல் வெளிவந்தது. செல்வத்துக்குக் குறைவில்லை. குறை வேறோரிடத்தில் இருக்கிறது. அன்று பிரம்புக்கு அஞ்சிக் குழந்தை உருப்போட்டது. இன்று பரிசுக்கு ஆசைப்பட்டு உருப்போடுகிறது. தானே ஒரு சொல்லைத் தேடிப் பிடித்து இணைக்கும் இன்பத்தை இரு காலத்திலும் நாம் அதற்கு அளிக்கவில்லை.

அளிப்பது கடினமன்று. மூன்று வயதில் கேட்கச் செய்ய வேண்டும். ‘யானை, பானை’ என்று பாட்டி சொல்லக் குழந்தை கைதட்டிக் கேட்டாலே போதும். நான்கு வயதில் பிரித்தறியச் செய்ய வேண்டும். ‘பட்டு, தட்டு, கட்டு, பந்து’ என்று சொல்லி, கூட்டத்தில் சேராதவர் யார் என்று கேட்டால், பந்தைக் குழந்தை தானே வெளியே தள்ளும். ஐந்து வயதில் படைக்கச் செய்ய வேண்டும். ‘யானை வந்தது வீதியிலே’ என்று உபாத்தியாயர் தொடங்கினால், ‘பானை உடைந்தது பாதியிலே’ என்று ஒரு பிள்ளை முடிக்கும், வகுப்பே சிரிக்கும். அகராதியில் இல்லாத ‘டானை’யை ஒரு குழந்தை சொல்லிவிட்டால் அதட்டலாகாது. அதன் செவி சரியாகவே வேலை செய்திருக்கிறது. ‘அப்படி ஒரு பொருள் உண்டா?’ என்று கேட்டால், சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவைப் பற்றிய முதற் பாடமாகவும் அது ஆகிவிடும். இதற்குப் புத்தகமும் வேண்டாம், பொருட்செலவும் வேண்டாம். நாள்தோறும் பத்து நிமிஷங்கள் போதும்.

தமிழக அரசு 2022-ல் தொடக்க வகுப்புக்களுக்கென்று ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. எழுத்துக்கு முன்னே செவி இருக்கிறது. ஆகையால் அதற்கும் முந்திய அங்கன்வாடியிலேயே எதுகை விளையாட்டு இடம் பெறவேண்டும். அங்குள்ள பணியாளர்களுக்கு இதில் பயிற்சி அளிக்குமாறு கேட்பது கிராம சபைகளில் எழுப்பத்தக்க கோரிக்கையேயாகும்.

ஆனால் சர்க்கார் செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. தேசத் தொண்டிலும் மொழித் தொண்டிலும் ஈடுபட்டுள்ள அன்பர்களுக்கு நமது வேண்டுகோள் இது: கூட்டம் முடிந்து வீடு திரும்பியதும், மேடையில் நீங்கள் ஆயிரம் பேருக்கு வழங்கிய எதுகையிலும் மோனையிலும் ஒரு கைப்பிடியை உங்கள் குழந்தைக்கும் கொடுங்கள். ‘யானை’ என்று நீங்கள் சொல்லுங்கள். அடுத்த சொல்லை அது சொல்லட்டும்.