கடைசியில் வருபவரோடு யார் ஓடுகிறார்கள்?

காலை ஐந்தரை மணிக்கு, சென்னையை ஒட்டிய ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நடப்பவர்கள் ஏராளம். தண்ணீர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் வேளச்சேரி மெயின் ரோட்டை எடுத்துக்கொள்வதற்குள் ஒரு சுற்று முடித்துவிட வேண்டும் என்று சுடிதாரிலும் வேட்டியிலும் கை வீசி விரைகிறார்கள். ஓடுபவர்கள் கொஞ்சம்தான். கூட்டமாக ஓடுபவர்கள் அதிலும் கொஞ்சம். நடப்பவரிடம் ஏன் ஓடுவதில்லை என்று கேட்டால் மூச்சு வாங்கும், முட்டி போய்விடும், வயசாகிவிட்டது என்று மூன்று காரணங்கள் வரிசையாக வரும். நான்காவது ஒன்று இருக்கிறது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எல்லோரும் முன்னால் போய்விடுவார்கள், நான் மட்டும் பின்னால் தள்ளாடிக்கொண்டு வருவேன், பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

முதல் மூன்றுக்கும் மருத்துவத்தில் பதில் உண்டு, அதைப் பிறகு பார்ப்போம். நான்காவதற்குப் பதில் சொல்வது ஓட்டக் குழுவின் வேலை.

சென்னையில் குழுவாக ஓடும் பழக்கம் புதிதல்ல. 'சென்னை ரன்னர்ஸ்' 2006இல் தொடங்கியது. ஒரே இடத்தில் எல்லோரையும் கூட்டாமல், அந்தந்தப் பேட்டைக்காரர்கள் அந்தந்தப் பேட்டையிலேயே ஓடும் கிளைகளாக அது பரவியது. அசோக் நகர்க் கிளைக்கு அங்குள்ள தூணை வைத்து 'பில்லர் பேசர்ஸ்' என்று பெயர். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானும் இவர்கள் நடத்துவதுதான். மறுநாள் பத்திரிகையில் நேப்பியர் பாலத்தில் ஆயிரக்கணக்கானோர் ஓடும் படம் வரும். அதைப் பார்த்துப் பயந்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 42.195 கிலோமீட்டர் ஓடுகிற கூட்டத்தில் நமக்கு என்ன வேலை என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். அந்தக் கூட்டத்திலேயே பத்து கிலோமீட்டரைப் பாதி நடந்து முடித்தவர்கள் எத்தனையோ பேர் என்பது படத்தில் தெரியாது.

ஓட முடியாத ஒருவர் தொடங்கியது

இந்த வகைக் குழுக்களில் உலகப் புகழ் பெற்றது 'பார்க்ரன்'. பால் சின்டன்-ஹெவிட் என்பவர் காயம்பட்டு ஓட முடியாமல் இருந்தார். ஓட்டத்தைவிட ஓட்டத் தோழர்களைப் பார்க்க முடியாததுதான் அவரை வாட்டியது. 2004 அக்டோபர் 2 அன்று லண்டனின் புஷி பூங்காவில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றை ஏற்பாடு செய்தார். வந்தவர்கள் 13 பேர். கட்டணம் கிடையாது. கடிகாரம் பிடிப்பது உட்பட எல்லா வேலைக்கும் தன்னார்வலர்கள். வாரந்தோறும் ஒரே இடம், ஒரே நேரம் என்கிற அந்த எளிய ஏற்பாடு பிறகு பல நாடுகளுக்குப் போனது.

அதில் நமக்கு வேண்டிய பாடம் ஒன்றுதான். பார்க்ரன்னில் எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் உண்டு. கடைசி இடம் அவருக்கு ஏற்கெனவே ஒதுக்கப்பட்டது, ஆகவே புதிதாக வரும் யாரும் கடைசியாக வரவே முடியாது! பங்கேற்பவர்களின் சராசரி நேரம் ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போனபோது அமைப்பாளர்கள் அதைத் தங்கள் வெற்றியாகச் சொல்லிக்கொண்டார்கள். மெதுவாக ஓடுபவர்கள் தைரியமாக வரத் தொடங்கிவிட்டார்கள் என்பதுதானே அதற்கு அர்த்தம்?

நம் ஊர்க் குழுக்களிலும் இந்த ஆள் உண்டு. 'ஸ்வீப்பர்' என்பார்கள். எந்தக் குழுவில் சேரலாம் என்று யாராவது கேட்டால், அவர்களுடைய டி-ஷர்ட்டையோ வாங்கிய மெடல்களையோ பார்க்காதீர்கள், வேகமாக ஓடி முடித்தவர்கள் அடுத்து என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள் என்பேன். காலை நீட்டி, செல்ஃபி எடுத்து, டீ குடித்துக் கிளம்பிவிட்டால் அது நல்ல ஓட்டக்காரர்களின் கூட்டம், அவ்வளவுதான். அவர்களில் இரண்டு பேராவது திரும்பி ஓடிப்போய் பின்னால் வருபவரோடு சேர்ந்து வந்தால் அங்கே சேரலாம்.

'பேஸ்' என்றால்

குழுவில் அடிக்கடி காதில் விழும் சொல் இது. ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்பதே கணக்கு. விறுவிறுவென்று நடப்பவர் ஒரு கிலோமீட்டரைப் பத்து நிமிடத்தில் கடப்பார். மெல்லோட்டம் ஓடுபவருக்கு எட்டு நிமிடம் ஆகும். இருவருக்கும் வித்தியாசம் இரண்டே நிமிடம். எட்டு நிமிட பேஸில் ஐந்து கிலோமீட்டரை நாற்பது நிமிடத்தில் முடித்துவிடலாம். புதியவருக்கு அதுவே தாராளம்.

வாட்ச் இல்லையென்றால் பேச்சே அளவுகோல். பக்கத்தில் ஓடுபவரிடம் நேற்றைய மேட்ச் பற்றி ஒரு முழு வாக்கியம் சொல்ல முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டால் குறையுங்கள். தனியாக ஓடுபவருக்கு இந்தச் சோதனை கிடைப்பதில்லை. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தன்னையறியாமல் வேகத்தைக் கூட்டிவிடுவார்.

ஓட்டத்துக்கு நடுவே நடப்பது தோல்வி என்ற எண்ணம் பள்ளி விளையாட்டு விழாவிலிருந்து நமக்கு ஒட்டிக்கொண்டது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பத்தாயிரம் மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே, இரண்டு ஆண்டுகள் கழித்துப் புதியவர்களுக்கு வகுப்பெடுத்தபோது கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை, மறுபடி ஓட்டம் என்ற முறையைத்தான் கற்றுக்கொடுத்தார். 1996இல் ஜோஷ் கிளார்க் தன் அம்மாவை ஓட வைப்பதற்காக எழுதிய ஒன்பது வாரத் திட்டமும் அதே வழிதான். முதல் வாரம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, இப்படி இருபது நிமிடம். வாரத்துக்கு மூன்று நாள் மட்டும். ஒன்பதாவது வாரம் அரை மணி நேரம் நிற்காமல் ஓடுவார்கள்.

இதில் மூன்றாவது வாரம்தான் கண்டம். மூச்சு வாங்குவது குறைந்திருக்கும், உடம்பு லேசாக இருக்கும், ஒரேயடியாகத் தூரத்தை இரட்டிப்பாக்கலாம் என்று தோன்றும். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிக்கொள்ளும். தசைநாரும் எலும்பும் பழக மாதங்கள் ஆகும். கெண்டைக்காலுக்கு முன்புறம், எலும்போரம் வலிக்கிறது என்று வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் இந்த அவசரக்காரர்கள். 'இன்னிக்கு இது போதும்' என்று அதட்ட ஒரு பழைய ஆள் பக்கத்தில் இருப்பது குழுவின் பெரிய லாபம்.

முட்டியும் சர்க்கரையும்

முட்டி தேய்ந்துவிடும் என்ற பயத்துக்கு ஓரளவு ஆதாரமான பதில் இருக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான அலசல் ஒன்றில், ஓய்வு நேரத்தில் ஓடுபவர்களில் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் 3.5 சதவீதத்தினருக்கு இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். பந்தய ஓட்டக்காரர்களில் 13.3 சதவீதம். முட்டி நன்றாக இருப்பவர்கள்தான் ஓடவே வருகிறார்கள் என்ற வாதத்தையும் தள்ளிவிட முடியாது. ஆனாலும் மிதமாக ஓடினால் முட்டி போய்விடும் என்று சொல்ல இந்தக் கணக்கில் இடமில்லை.

சர்க்கரை அதைவிட முக்கியம். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் - இண்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு. ஓடுவது அவர்களுக்கு நல்லதுதான். ஆனால் இன்சுலின் போடுபவர்களுக்கும் சில வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஓடும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். கூட ஓடுபவர் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும். ஓடி முடித்ததும் பாதத்தில் கொப்புளம், வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள், மரத்துப்போன பாதம் வலியைச் சொல்லாது. நெஞ்சுவலி, தலைச்சுற்றல் வந்தவர்கள், இதய நோய் உள்ளவர்கள், பல வருடம் அசையாமல் இருந்துவிட்டு நாற்பதைத் தாண்டியவர்கள் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் ஷூ வாங்க வேண்டும்.

விபத்தில் கால் அடிபட்டு, பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடியவர் மா. சுப்பிரமணியன். 2021இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரானார். 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை என்று 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் வந்தது. அவர் கதையைச் சொல்லி எல்லோரையும் உடனே 21 கிலோமீட்டருக்குக் கிளப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. எட்டு கிலோமீட்டர் நடையே பலருக்குப் பெரிய விஷயம்.

'எல்லோருக்கும்' என்பதன் எல்லை

2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பார்வைக் குறைபாடு உள்ள சிம்ரன் சர்மா 200 மீட்டரில் வெண்கலம் வென்றபோது பக்கத்திலேயே ஓடியவர் வழிகாட்டி அபய் சிங். இருவர் கையையும் ஒரு சிறு கயிறு இணைத்திருக்கும். பார்வைக் குறைபாடு உள்ளவரோடு தெருவில் ஓடவும் இதே கயிறு போதும். வழிகாட்டுபவர் கூட ஓடுபவரைவிடச் சற்று வேகமானவராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூச்சு வாங்கிப் பேச முடியாமல் போய்விடும். வழிகாட்டுவதில் பாதி பேச்சுதான். 'ஸ்பீடு பிரேக்கர், மூணு அடியில்', 'இடது பக்கம் பள்ளம்', 'எதிரில் பால் வண்டி, என் பக்கம் வாங்க' என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டே போக வேண்டும். இழுக்கக் கூடாது. வீச்சு ஒன்றாக வரும்வரை கை இரண்டும் முட்டிக்கொண்டே இருக்கும். சில காலைகளில் பழகிவிடும்.

சக்கர நாற்காலியில் வருபவருக்கு இவ்வளவு சுலபமில்லை. செம்பாக்கம் நகராட்சியில் இருந்த ராஜகீழ்ப்பாக்கம், 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்தபோது 70 வார்டுகள் கொண்ட தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்தது. ஆனாலும் வெட்டி மூடிய சாலை, வீட்டு வாசலுக்கு வாசல் உயரம் மாறும் நடைபாதை, அதன் மேல் நிற்கும் பைக் எல்லாவற்றையும் தாண்டி ஒரு நாற்காலி நூறு மீட்டர் போவதே சாகசம். 'அனைவருக்குமான ஓட்டம்' என்று பேனர் கட்டும் குழு, வார்டு அலுவலகத்துக்கு ஒரு மனுவும் எழுதலாம்.

இங்கே ஓடுவதற்கு ஏரிகள் இருக்கின்றன. ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம், சேலையூர், மாடம்பாக்கம் என்று பக்கத்துப் பக்கத்தில் ஏரிகள் கொண்ட பகுதி இது. கரையில் நல்ல பாதை இருக்கும் இடமே முதல் தேர்வு. ரோட்டில்தான் ஓட வேண்டும் என்றால் வலது ஓரமாக, வண்டிகளைப் பார்த்தபடி ஓடுங்கள். இருட்டில் வெளிர்நிறச் சட்டை அவசியம். 89 வயதில் ஓடத் தொடங்கி, நூறு வயதில் டொராண்டோவில் மாரத்தான் முடித்த ஃபௌஜா சிங் 2025 ஜூலையில் கார் மோதித்தான் இறந்தார்.

நாய் துரத்தினால் ஓடாமல் நின்றுவிட வேண்டும். குழுவாக இருந்தால் நெருங்கி நின்று மெல்ல நடந்து கடக்கலாம். பெண்கள் குழுவைத் தேர்ந்தெடுக்க ஆளில்லாத தெருவுக்கு அடுத்த காரணம் இந்த நாய்கள்தான் என்பேன். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஊசி போட வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

சேருவது எளிது. பெரும்பாலும் ஒரு வாட்ஸ்அப் குழு, சனி ஞாயிறு காலையில் ஒரு முனை. பயிற்சியாளர் இருந்தால் கட்டணம் இருக்கலாம், நண்பர்கள் கூட்டமென்றால் இருக்காது. சேரும் முன் ஸ்வீப்பர் யார், தண்ணீர் எங்கே கிடைக்கும், யாராவது விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிடுங்கள். அவசர எண்ணை ஒருவரிடமாவது கொடுத்து வையுங்கள்.

எப்போது தொடங்கலாம் என்றால், கத்திரி வெயிலில் வேண்டாம். வெயிலுக்கு உடம்பு பழகவே இரண்டு வாரம் ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீருக்கடியில் பள்ளம் எங்கே இருக்கிறதென்று தெரியாது, வாரக்கணக்கில் ஓட்டம் தடைப்படும். ஆகஸ்டில் ஆரம்பித்தால் ஒன்பது வாரத் திட்டம் பெருமழைக்கு முன் முடிந்துவிடும். மழை விட்ட நாட்களில் அதைத் தக்கவைத்துக்கொண்டால் மார்கழிக் குளிரில் தூரத்தைக் கூட்டலாம். ஜனவரியில் பத்து கிலோமீட்டருக்குப் பெயர் கொடுக்க நினைப்பவர்கள் பதிவை மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ள வேண்டாம்.